கடிகாரக்காரரும் மருந்துக்கடைக்காரரும்: ‘செல்ஃப் ஹீலிங்’ வந்த கதை

‘செல்ஃப் ஹீலிங்’ பத்தி ஒரு எபிசோட் பண்ணுங்கன்னு ரொம்ப நாளா கேட்டுட்டு இருக்கீங்க. காலையில கண்ணாடி முன்னாடி நின்னு ‘நான் ஆரோக்கியமா இருக்கேன்’னு சொல்றது, ராத்திரி ஹெட்ஃபோன் மாட்டிக்கிட்டு ஒரு மெதுவான குரல் சொல்லச் சொல்ல உடம்பைத் தளர்த்துறது, வலிக்கிற இடத்துல கையை வெச்சு ‘போயிடும், போயிடும்’னு நினைக்கிறது. இதெல்லாம் உண்மையிலேயே வேலை செய்யுமா?

நான் டாக்டர் இல்லை, கோடு எழுதிப் பிழைக்கிறவன். அதனால எனக்குத் தெரிஞ்ச வழியில போறேன். ஒரு பழைய ப்ராஜெக்ட்ல ஏதாவது புரியலைன்னா, முதல் கமிட்டுக்குப் போய், யார் எதுக்காக எழுதினாங்கன்னு பார்ப்போம் இல்லையா? அதையே இங்கேயும் செய்யலாம். போனால் பாரிஸ்ல, ஒரு ஆப்ரிகாட் மரத்தடியில போய் நிற்போம்.

வருஷம் 1784. ஃபிரான்ட்ஸ் மெஸ்மர் என்ற மருத்துவர் வியன்னாவிலிருந்து 1778-ல் பாரிஸுக்கு வந்து, ஊரையே மயக்கி வைத்திருந்தார். பிரபஞ்சம் முழுக்க கண்ணுக்குத் தெரியாத ஒரு திரவம் ஓடுகிறது, அது உடம்பில் தடைபட்டால் நோய், தன்னால் அதைத் திருப்பி ஓட வைக்க முடியும் என்பது அவர் கொள்கை. பெரிய மரத்தொட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து இரும்புக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். நோயாளிகள் சுற்றி உட்கார்ந்து கம்பியை வலிக்கிற இடத்தில் வைத்துக்கொள்வார்கள். சிலர் அழுவார்கள், சிலருக்கு வலிப்பு மாதிரி வரும், பிறகு தெளிந்து எழுந்து ‘குணமாயிடுச்சு’ என்பார்கள். நம்ம ஊர்ல சாமியாடுறதைப் பார்த்தவங்களுக்கு இந்தக் காட்சி ரொம்பப் புதுசா இருக்காது.

அரசர் பதினாறாம் லூயி இதை விசாரிக்க ஒரு குழு போட்டார். குழுவில் இருந்தவர்களைப் பாருங்க: வேதியியலாளர் லவாய்சியே, வானியலாளர் பாய்யி, பின்னாடி ஒரு கொலைக் கருவிக்குத் தன் பேரையே கொடுக்க நேர்ந்த டாக்டர் கில்லட்டின், அமெரிக்கத் தூதராக அங்கே இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளின். மெஸ்மர் ஒத்துழைக்கவில்லை. அவருடைய சீடர் தெஸ்லோன் வந்தார். ஃபிராங்க்ளினுக்கு உடம்பு முடியாததால், சோதனைகளில் சில பாஸியில் இருந்த அவர் வீட்டிலேயே நடந்தன.

தோட்டத்தில் ஒரு ஆப்ரிகாட் மரத்துக்கு தெஸ்லோன் ‘சக்தி ஏற்றினார்’. அவரே தேர்ந்தெடுத்துக் கூட்டி வந்த பன்னிரண்டு வயதுப் பையனின் கண்ணைக் கட்டி, ஒவ்வொரு மரமாகக் கட்டிப்பிடிக்க வைத்தார்கள். முதல் மரத்திலேயே வேர்த்தது. அடுத்ததில் தலைவலி. நாலாவது மரத்தில் பையன் மயங்கி விழுந்துவிட்டான். சக்தி ஏற்றிய மரம் அங்கிருந்து இருபது அடிக்கும் மேலே தள்ளி, பாட்டுக்கு நின்றுகொண்டிருந்தது.

நம்ம பாஷையில சொன்னா இது ஒரு ஏ/பி டெஸ்ட். கண்ணைக் கட்டிச் செய்த சோதனைகளின் வரலாற்றை எழுதுகிறவர்கள் இதை ஆரம்ப காலத்து முக்கியமான உதாரணமாகச் சொல்கிறார்கள். குழுவின் முடிவு: அப்படி ஒரு திரவமே கிடையாது, எல்லாம் கற்பனையின் வேலை. ஃபைலை மூடிவிட்டார்கள்.

எனக்கு இந்த இடத்துலதான் ஒரு சந்தேகம். திரவம் இல்லை, சரி. ஆனா கற்பனை ஒரு பையனை மயக்கம் போட வெச்சிருக்கே? ‘வெறும் கற்பனை’ன்னு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிட்டாங்க. உண்மையான பக் ரிப்போர்ட்டே அதுதானே! அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறக்கப் பல பத்தாண்டுகள் ஆனது.

திறந்தவர்களில் ஒருவர் இந்தியாவில் இருந்தார். ஜேம்ஸ் எஸ்டெய்ல், கிழக்கிந்தியக் கம்பெனியின் ஸ்காட்லாந்து சர்ஜன். 1845 ஏப்ரலில் வங்காளத்தின் ஹூக்ளியில், வலியால் துடித்த ஒரு கைதிக்கு மெஸ்மர் முறையில் கையால் வருடி ஆழ்ந்த மயக்கம் கொடுத்துப் பார்த்தார். பிறகு அதே முறையில் பெரிய கட்டிகளை அறுத்து எடுத்தார். ஈதர் இன்னும் வராத காலம். அடுத்த வருஷமே, 1846-ல், பாஸ்டனில் ஈதர் வந்தது. யாரை வேண்டுமானாலும் சில நிமிஷத்தில் மயக்கும் புட்டி வந்தபிறகு, மணிக்கணக்காக வருடுகிற வேலை யாருக்கு வேணும்? மான்செஸ்டரில் ஜேம்ஸ் பிரெய்ட் இதே விஷயத்துக்குத் திரவக் கதையெல்லாம் கழற்றிவிட்டு, ‘ஹிப்னாடிசம்’ என்று பேர் வைத்ததும் அந்த 1840-களில்தான்.

இதே சமயத்தில்தான் கதை இரண்டாக ஃபோர்க் ஆகிறது. ஒரு கிளை அமெரிக்காவில், ஒரு கடிகாரக்காரரிடம். இன்னொன்று பிரான்சில், ஒரு மருந்துக்கடைக்காரரிடம். இன்னைக்கு நீங்க பார்க்கிற செல்ஃப் ஹீலிங் வீடியோ எதுவா இருந்தாலும், எந்தக் கிளையிலிருந்து வந்ததுன்னு கேட்டுப் பாருங்க. இந்த எபிசோட்ல நான் சொல்ல வர்றது அவ்வளவுதான். ரெண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ரெண்டும் ஒண்ணு இல்லை.

கடிகாரக்காரர் முதலில். ஃபினியஸ் க்விம்பி, மெய்ன் மாநிலத்தின் பெல்ஃபாஸ்ட் ஊர்க்காரர். 1830-களின் கடைசியில் மெஸ்மர் முறையைச் சொல்லிக்கொண்டு ஊர் ஊராக வந்த ஒரு பிரெஞ்சுக்காரரின் செயல்விளக்கத்தைப் பார்த்து, தானும் ஆரம்பித்தார். லூசியஸ் என்ற இளைஞனை மயக்கத்தில் ஆழ்த்துவார். அவன் நோயாளியைப் ‘பார்த்து’ வியாதியும் மருந்தும் சொல்வான். க்விம்பி சும்மா இருக்கிற ஆள் இல்லை, கடிகாரத்தைப் பிரிச்சுப் பார்க்கிற புத்தி. பையன் சொன்ன மருந்துக்குப் பதில் ஏதோ சாதாரணமான ஒன்றைக் கொடுத்தாலும் குணம் தெரிகிறது என்பதைக் கவனித்தார். அப்போ மருந்து இல்லை, நம்பிக்கைதான் காரணம். இதுவரைக்கும் சரி. ஆனால் அவர் அங்கே நிற்கவில்லை. நம்பிக்கை குணப்படுத்துகிறது என்றால், நோயே ஒரு தவறான நம்பிக்கைதான் என்று முடிவு கட்டினார்.

கவனிச்சீங்களா, எவ்வளவு சின்னத் தாவல்! லாஜிக் படிச்சவங்களுக்கு உறுத்தும். தண்ணி ஊத்தினா தீ அணையுதுங்கிறதால, தண்ணி இல்லாததுதான் தீக்குக் காரணம்னு சொல்ல முடியாது. அந்தச் சின்னத் தாவலில் இருந்து ஒரு பெரிய மரமே முளைத்தது. 1859-லிருந்து போர்ட்லாண்ட் நகரில் அவர் வைத்தியம் பார்த்தபோது வந்தவர்களில் ஒருவர், பின்னாளில் மேரி பேக்கர் எடி என்று பேர் வாங்கிய பெண். 1862-ல் வந்தார். 1879-ல் கிறிஸ்தவ விஞ்ஞான சபையைத் தொடங்கினார். மருந்து தேவையில்லை, பிரார்த்தனை போதும் என்பது அதன் வழி. அவர் கொள்கையில் க்விம்பியின் பங்கு எவ்வளவு என்று இன்னும் சண்டை நடக்கிறது, அதுக்குள்ள நான் போகலை. க்விம்பியிடம் வந்த மற்ற சிலரின் வழியாக ‘புதுச் சிந்தனை’ இயக்கம் வளர்ந்தது. நினைத்தது நடக்கும், ஈர்ப்பு விதி என்று நம்ம ஊர் புத்தகக் கண்காட்சி வரைக்கும் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பது இந்தக் கிளையின் பேரப்பிள்ளைகள்தான்.

இப்போ பிரான்ஸ். நான்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் அம்ப்ருவாஸ் லியெபோ என்ற கிராமத்து டாக்டர். தன்னிடம் வந்த விவசாயிகளிடம் ஒரு ஆஃபர் வைத்தாராம்: மருந்து வேண்டுமா, காசு கொடு, ஹிப்னாடிசம் வேண்டுமா, இலவசம். கிராமத்து ஜனங்க எதைத் தேர்ந்தெடுத்திருப்பாங்கன்னு சொல்லணுமா என்ன! பல்கலைக்கழகப் பேராசிரியர் பெர்ன்ஹைம் 1882-ல் இதை நேரில் பார்க்க வந்தார், பார்த்து மனம் மாறினார். ஹிப்னாடிசம் என்பது நோயாளிகளிடம் மட்டும் வருகிற ஒரு கோளாறு என்று பாரிஸில் ஷார்கோ சொல்லிக்கொண்டிருந்தபோது, ‘இல்லை, இது வார்த்தையின் வேலை, எல்லா மனுஷருக்கும் பொது’ என்று இவர்கள் எதிர்த்து நின்றார்கள். 1889-ல் ஃபிராய்டே இங்கே வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்.

லியெபோவிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் ஒருவர்தான் எமில் கூவே. 1857-ல் ட்ருவா நகரில் பிறந்தவர், அங்கேயே மருந்துக்கடை வைத்திருந்தவர். கடைக்கு வருகிறவர்களிடம் மருந்தைக் கொடுக்கும்போது ‘இது அருமையா கேட்கும்’ என்று ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால், அதே மருந்து இன்னும் நன்றாக வேலை செய்வதைக் கவனித்தார். முதலில் ஹிப்னாடிசம் பழகினார். பிறகு அதையும் விட்டார். காரணம் எளிமையானது. நான் சொல்கிற வார்த்தையை அவர் தனக்குள் தானே திரும்பச் சொல்லிக்கொண்டால்தான் அது பலிக்கிறது. அப்படியென்றால் நடுவில் நான் எதற்கு?

வரலாற்றை இப்படிப் படிச்சா எனக்கு ஒரு பரவசம் வரும். மெஸ்மர்கிட்ட சக்தி வைத்தியர் கையில இருந்துச்சு. லியெபோகிட்ட வைத்தியர் வாய்க்கு வந்துச்சு. கூவே அதை நோயாளி வாய்க்கே கொடுத்துட்டார். மிடில்வேர் எல்லாத்தையும் கழற்றிட்டார்.

1910-ல் அவர் நான்சிக்குக் குடிவந்து, தன் வீட்டிலேயே இலவசமாகக் கூட்டம் நடத்தினார். முதலில் ஒரு பயிற்சி: விரல்களைக் கோத்து இறுக்கிப் பிடி, ‘பிரிக்க முடியாது’ என்று நினைத்துக்கொண்டே பிரித்துப் பார். பலருக்கு வராது. இப்போது ‘முடியும்’ என்று நினை. விரல் பிரியும். நினைப்பு உடம்பைத் தொடுகிறது என்பதைக் காட்டுவதுதான் நோக்கம். பிறகு அந்தப் புகழ்பெற்ற ஒற்றை வாக்கியம். நாளுக்கு நாள், எல்லா விதத்திலும், தான் மேலும் மேலும் நலமாகி வருவதாகச் சொல்லிக்கொள்வது. காலையில் எழுந்ததும் ஒருமுறை, இரவு தூங்கப் போகும்போது ஒருமுறை, படுக்கையில் கண்ணை மூடி, தன் காதுக்கு மட்டும் கேட்கிற அளவில் உதட்டை அசைத்து, இருபது தடவை. எண்ணிக்கை தவறாமல் இருக்க இருபது முடிச்சுப் போட்ட ஒரு கயிறு. ருத்ராட்சம், ஜெபமாலை, தஸ்பீஹ் எல்லாம் பார்த்து வளர்ந்த நமக்கு விளக்கம் தேவையில்லை.

அந்தக் கயிறு எதுக்குங்கிறது முக்கியம். எண்ணுறதுக்கு மூளையைச் செலவழிக்கக் கூடாது, முயற்சியே கூடாது. கூவே சொன்னதிலேயே எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் இதுதான். மனஉறுதியும் கற்பனையும் மோதினால், எப்போதும் கற்பனைதான் ஜெயிக்கும் என்றார். தரையில் ஒரு நீளப் பலகையைப் போட்டு நடக்கச் சொன்னால் யாரும் நடப்பார்கள். அதே பலகையை தேவாலய கோபுர உயரத்தில் போடுங்கள். எவ்வளவு வைராக்கியம் இருந்தாலும் கால் நகராது. சைக்கிள் கற்றுக்கொள்கிறவர் ‘அந்தக் கல்லு மேல ஏத்திடக் கூடாது’ என்று நினைக்க நினைக்க, சக்கரம் நேராகக் கல்லைத் தேடிப் போகும். தூக்கமும் அப்படியே. தூங்கியே ஆகணும் என்று முயன்றால் தூக்கம் ஓடிவிடும்.

ஆன்-கால் வாரத்துல ராத்திரி ரெண்டு மணிக்கு அலெர்ட் வந்து, சரி பண்ணிட்டுத் திரும்பப் படுத்து, ‘காலையில ஒன்பது மணிக்கு மீட்டிங், இப்போ தூங்கினா அஞ்சு மணி நேரம், இப்போ தூங்கினா நாலரை’ன்னு கணக்குப் போட்டவங்களுக்கு இது நல்லாப் புரியும். தூக்கமின்மைக்கு இன்றைய உளவியலாளர்கள் கொடுக்கும் பயிற்சிகளில் ஒன்று, படுத்துக்கொண்டு விழித்திருக்க முயலுங்கள் என்பது. கூவேயின் பேர் அதில் இல்லை. லாஜிக் அதேதான்.

முதல் உலகப் போர் முடிந்த ஐரோப்பாவில் இந்த மனிதர் நட்சத்திரமானார். 1921-ல் லண்டன் போனார், 1923 ஜனவரியில் நியூயார்க் போனார். பத்திரிகைகள் முதலில் தலையில் வைத்துக் கொண்டாடின, பிறகு கிண்டல் செய்தன. 1926 ஜூலையில் நான்சியில் இறந்தார். அவரை நான் புனிதராக்க விரும்பவில்லை. அவர் புத்தகத்தில் உறுப்பு நோய்களே குணமானதாகச் சொல்லும் கதைகள் ஏராளம். எதுவும் சோதிக்கப்படாதவை. பாஸியில் அந்தப் பையன் கண்ணைக் கட்டின மாதிரி யாரும் கட்டிப் பார்க்கவில்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் தெளிவு. தான் யாரையும் குணப்படுத்தவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மருந்தை நிறுத்து என்று சொல்லவில்லை. நோயாளி வந்தால் டாக்டர் கட்டாயம் மருந்து எழுதிக் கொடுக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறார். மருந்துக்கடைக்காரர் இல்லையா! நோய் என்பது உன் தவறான நம்பிக்கை என்ற இடத்துக்கு அவர் போகவே இல்லை.

இந்த வித்தியாசத்தை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, எங்க வீட்டுல நடந்ததுதான். என் சித்திக்கு ரத்த அழுத்தம் உண்டு, பல வருஷமா மாத்திரை. போன வருஷம் யாரோ கூப்பிட்டு ஒரு ரெண்டு நாள் வகுப்புக்குப் போனாங்க. மூச்சுப்பயிற்சி, தளர்வு, உறுதிமொழி, எல்லாமே நல்லாத்தான் இருந்திருக்கு. நல்லாத் தூங்கினாங்க, முகமே தெளிஞ்சிருந்துச்சு. மாத்திரை மேல இருக்கிற நம்பிக்கைதான் நோயைப் பிடிச்சு வெச்சிருக்குன்னு கடைசியில ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்காங்க. சித்தி மாத்திரையை நிறுத்திட்டாங்க. மூணு மாசம் யாருக்கும் தெரியாது. ஒருநாள் தலைசுத்தி உட்கார்ந்தப்போ அளந்து பார்த்தா, மேல் அளவு நூத்தித் தொண்ணூறைத் தாண்டியிருந்துச்சு.

எனக்குக் கோபம் வந்தது அந்த எண்ணைப் பார்த்து இல்லை. ஆஸ்பத்திரி பெஞ்சுல உட்கார்ந்து சித்தி சொன்ன வார்த்தையைக் கேட்டு: “நான் முழுசா நம்பலைடா போல இருக்கு.”

க்விம்பி கிளையோட விலை இதுதான். குணமானா முறைக்குப் பெருமை, ஆகலைன்னா உங்க நம்பிக்கையில ஓட்டை. எந்த டெஸ்ட்டும் ஃபெயில் ஆகாத கோடு மாதிரி. அப்படி ஒரு கோடை நான் ரிவ்யூல பார்த்தா, நம்ப மாட்டேன்.

சரி, அப்போ எல்லாமே ஏமாத்தா? அதுவும் இல்லை. 1978-ல் சான்ஃபிரான்சிஸ்கோவில் லெவின், கார்டன், ஃபீல்ட்ஸ் என்ற மூவர், கடைவாய்ப்பல் பிடுங்கியவர்களுக்குப் போலி மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். சிலருக்கு வலி குறைந்தது. பிறகு அவர்களுக்கு, அபின் வகை மருந்துகளின் வேலையைத் தடுக்கும் நாலாக்சோனைக் கொடுத்தபோது வலி கூடியது. அதாவது, எதிர்பார்ப்பு மட்டுமே உடம்பைத் தன் சொந்த வலிநிவாரணியைச் சுரக்க வைத்திருக்கிறது. 1784-ல் மூடிய டிக்கெட்டுக்கு, ஏறக்குறைய இருநூறு வருஷம் கழித்து வேதியியல் பாஷையில் ஒரு பதில்.

2010-ல் ஹார்வர்டின் டெட் காப்சக் குழு இன்னும் ஒரு படி போனது. குடல் எரிச்சல் நோய் உள்ள 80 பேரில் ஒரு பாதியிடம் ‘இது வெறும் போலி மாத்திரை, மருந்தே இல்லை’ என்று வெளிப்படையாகச் சொல்லியே கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் அவர்களில் 59 சதவீதம் பேர் போதுமான நிவாரணம் என்றார்கள். மாத்திரை எடுக்காத மற்றவர்களில் 35 சதவீதம். சின்ன ஆய்வு, குறுகிய காலம். ஆனாலும் ஏமாற்றினால்தான் பலிக்கும் என்ற நினைப்பு ஆடிப்போனது.

எனக்கு எல்லாத்துலயும் முக்கியமா படுறது 2011-ல் வந்த ஒரு ஆஸ்துமா ஆய்வு. நாற்பது பேர் அளவில் சின்னதுதான். ஒரே ஆட்களுக்கு வெவ்வேறு நாட்களில் நிஜ இன்ஹேலர், போலி இன்ஹேலர், போலி அக்குபங்சர், எதுவுமே இல்லாமல் காத்திருப்பு என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். ‘எப்படி இருக்கு?’ என்று கேட்டபோது, நிஜ இன்ஹேலருக்கும் போலிகளுக்கும் வித்தியாசமே இல்லை, எல்லாம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி தேவலை. காத்திருந்தபோது மட்டும் 21 சதவீதம். பிறகு நுரையீரலை ஊத வைத்து அளந்தார்கள். நிஜ இன்ஹேலரில் 20 சதவீத முன்னேற்றம். மற்ற மூன்றிலும் ஏழு சதவீதம் அளவில்தான்.

கொஞ்சம் நிறுத்தி இதை யோசிங்க. அந்த நோயாளிகள் பொய் சொல்லலை. அவங்களுக்கு நிஜமாவே மூச்சு லேசா இருந்துச்சு. நுரையீரல் மட்டும் திறக்கலை. வலி, தூக்கம், பதற்றம் மாதிரி விஷயங்கள்ல ‘எப்படி இருக்கு’ங்கிறதே பெரும்பாலும் நோய், அங்கே கூவேயோட கயிறுக்கு வேலை இருக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, ஆஸ்துமா மாதிரி இடத்துல உணர்வு ஒரு டாஷ்போர்டு, அளவு வேற ஒரு டாஷ்போர்டு. முதல் டாஷ்போர்டு பச்சையா இருக்கிறதால சர்வர் எரியலைன்னு சொல்லிட முடியாது.

உறுதிமொழி சொல்றவங்களுக்கு இன்னொரு தகவல். 2009-ல் ஜோன் வுட் என்ற கனடா உளவியலாளரின் குழு, தன்மதிப்புக் குறைவாக உள்ளவர்களை ‘நான் அன்புக்குரியவன்’ என்ற பொருளில் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தது. அவர்கள் இன்னும் சோர்ந்துபோனார்கள். உள்ளே ஒரு குரல் ‘இல்லையே’ என்று மறுக்கும்போது வெளியே அழுத்திச் சொன்னால் இதுதான் நடக்கும். கூவே தன் வாக்கியத்தை அவ்வளவு பொதுவாக, எதையும் குறிப்பிட்டுச் சொல்லாமல் வைத்ததற்கும், முயற்சியே கூடாது என்றதற்கும் பின்னால் இந்த அனுபவம் இருந்திருக்கும் என்று நான் ஊகிக்கிறேன்.

சித்தி இப்போ நல்லா இருக்காங்க. டாக்டர் மருந்தை மாத்திக் கொடுத்தார், வீட்டுல ஒரு பிபி மெஷின் வாங்கி வெச்சிருக்கோம். மூச்சுப்பயிற்சியை நிறுத்தச் சொல்லலை, அவரே தொடரச் சொன்னார். ராத்திரி எட்டரைக்கு மாத்திரை, பத்து மணிக்குப் பயிற்சி. கூவே கதையைச் சொன்னப்போ, “அந்த மருந்துக்கடைக்காரர் விவரமான ஆளு”ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல எஸ்டெய்ல் கதையை முழுசா எடுக்கப் போறேன். ஹூக்ளியில ஆரம்பிச்ச அந்த வைத்தியத்துக்கு 1846-ல கல்கத்தாவுல தனி ஆஸ்பத்திரியே திறந்தாங்க. அது எப்படி நடந்துச்சு, வலி இல்லாமப் பண்ணார்ங்கிறதை யார் யார் போய்ச் சோதிச்சாங்க, ஏன் மூடினாங்கன்னு பேசலாம். அதுவரைக்கும், வணக்கம்.